அவள் நீந்திய மறுநாள்

செயலாளர் நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திக்கு நீங்கள் எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டீர்கள். சிலர் கைகூப்பினீர்கள், சிலர் பூங்கொத்து அனுப்பினீர்கள். என்னிடமிருந்து ஒன்றும் வராததைக் கவனித்து அவர் போனிலேயே கூப்பிட்டார். "ஏனுங்கக்கா, மெசேஜ் பாத்தீங்களா இல்லீங்களா?" பார்த்தேன். பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

செய்தி இதுதான். நாம் சிறுவயதில் இருந்த நீச்சல் மன்றத்தை ஊர்ப் பிள்ளைகளுக்காக மறுபடியும் தொடங்கப் போகிறார்கள். பழைய கிணற்றை மூடிவிட்டு அந்த இடத்தில் நீல ஓடு பதித்த குளம் கட்டப் போகிறார்கள். புதிதாகச் சேர வரும் பிள்ளையை, பழைய உறுப்பினர் வீட்டார் இரண்டு பேர் "எங்களுக்குத் தெரிந்த குடும்பம்" என்று கையெழுத்துப் போட்டு அறிமுகப்படுத்த வேண்டும். திருப்பூரில் இருக்கும் நம்மில் ஒருத்தி மட்டும், இந்த விதி சரிதானா என்று தயங்கிக் கேட்டாள். செயலாளர் குரல் பதிவிலேயே பதில் சொன்னார். "இது கவர்மெண்ட் பள்ளிக்கூடம் இல்லீங்க அம்மணி. நம்ம சொந்தச் சங்கம். யாரச் சேத்தோணும், யாரச் சேத்தக் கூடாதுன்னு நாமதானுங்க முடிவு பண்ணோணும்." அதற்கும் கட்டை விரல்கள்.

கிணறும் அதைச் சுற்றிய இடமும் பாகப்பிரிவினையில் என் அப்பாவுக்கு வந்து, அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை செயலாளர் என் வீட்டுக்கு வருவது அதற்காகத்தான். நேரில் பேசினால் எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிடும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது, வேறென்ன வேலை, உட்கார்ந்து படியுங்கள்.

கிணற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஏனென்றால் நீங்கள் குழுவில் போடும் நினைவுகளில் வரும் கிணறு வேறு, என் கிணறு வேறு. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்கு நடுவில், சதுரமாக வெட்டிய பெரிய கிணறு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள் உச்சி வெயிலிலும் சில்லென்று இருக்கும். சுவர்ப் பொந்துகளில் புறாக்கள் இருந்தன. நாம் குதிக்கும்போதெல்லாம் அவை சடசடவென்று மொத்தமாக மேலே கிளம்பும். மோட்டார் அறையின் கிரீஸ் வாசனையும் பாசி வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். காய்ந்த சுரைக்காயைக் கயிற்றில் கோத்து முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவோமே, சுரைப்புருடை, அதன் கயிறு நனைந்து அக்குளை அறுக்கும். வீட்டுக்குப் போனதும் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். இன்று பிள்ளைகளுக்கு ரப்பர் பட்டையும் கண்ணாடியும் வாங்கித் தருகிறார்கள். ஒரு சுரைப்புருடையைக் காட்டி இது என்ன என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.

நான் சொல்லப்போவது நாம் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த அந்தக் கோடை. மழை பொய்த்துப்போன வருடம். சோளத்தட்டு விலை ஏறி, மாட்டை விற்றவர்கள் பலர். அப்படியும் எங்கள் கிணற்றில் மட்டும் தண்ணீர் குறையவில்லை. அந்தப் பெருமையில்தான் என் பெரியப்பா மன்றத்தைத் தொடங்கினார். கோயமுத்தூர் மில்லுக்காரர் ஒருவர் நீல பனியன்களை அனுப்பினார். பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டார். கிணற்று மேட்டில் ஒரு தகரப் பலகை வைத்தார்கள். "நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும்" என்று அதில் எழுதியிருந்தது.

தொடக்க விழாவில் பெரியப்பா பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம மன்றத்துல சாதி, மதம், பணக்காரன், ஏழைன்னு ஒண்ணும் பாக்கறதில்லீங்க. ஒரே விதிதானுங்க. நீந்தத் தெரிஞ்சிருக்கோணும்." கூட்டம் கை தட்டியது. நாமும் தட்டினோம். நல்ல விதிதானே, நீச்சல் மன்றத்துக்கு நீச்சல் தெரிய வேண்டாமா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நம் ஊரில் நீச்சல் எங்கே பழகுவது? கிணற்றில். கிணறுகள் யாருடையவை? நம்முடையவை. ஊருக்குத் தெற்கே இருந்த காலனிக்கு ஓர் அடிபம்பு மட்டும் இருந்தது. அடிபம்பில் யாரும் நீந்திப் பழக முடியாது. சாதி என்ற சொல் அந்தப் பலகையில் எங்கும் இல்லை. எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்தக் காலனியிலிருந்து வந்தவள்தான் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். உங்களில் பலருக்கு அவள் முகம் மறந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குள் அவள் என்னை வா, போ என்றுதான் பேசுவாள். கேட்டைத் தாண்டியதும் அது தானாக வாங்க, போங்க என்று மாறிவிடும். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. எங்கே மாற வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகு நான் மன்றத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் பருப்புச் சோற்றை விழுங்கிவிட்டு, "எனக்கும் நீந்தத் தெரியும்" என்றாள்.

"பொய் சொல்லாத. உங்களுக்கு ஏது கெணறு?"

"எங்க மாமன் ஊரு ஆனமலப் பக்கம். ஆழியாத்துல நீந்துவேன். இக்கட்ட இருந்து அக்கட்ட போய்ட்டு வருவேன்."

நான் நம்பவில்லை. உடனே அவள் பெஞ்சின் மேல் குப்புறப் படுத்தாள். பாவாடையைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு கையை வீசினாள். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சு வாங்கினாள். நாமெல்லாம் தவளை மாதிரித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஆற்றுக்காரர்களின் நீச்சலை அந்தப் பெஞ்சில் படுத்தபடி செய்துகாட்டினாள். பெஞ்சு கிறீச்சிட்டது. அந்தப் பக்கம் போன டிரில் வாத்தியார் ஜன்னலில் நின்று பார்த்தார்.

வாத்தியார் சென்னிமலைக்காரர், தறிக்காரக் குடும்பம். நம் ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பலகையில் என்ன எழுதியிருந்ததோ அதை அவர் அப்படியே நம்பினார். "அம்மணி, சனிக்கெழம சேத்திக்கற பரீட்ச இருக்குது. நீயும் வந்துரு" என்று அவளிடம் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். அந்த வருடம் கோவையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி நடக்கப்போகிறது. பதிவுபெற்ற மன்றங்களின் மூலமாகத்தான் பெயர் கொடுக்க முடியும். முதலில் வருகிறவர்களுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே.

மற்ற எல்லாருக்கும் அது ஒரு போட்டி. அவளுக்கு ஆறாம் வகுப்பே அதுதான். ஐந்தாவது முடிந்தால் படிப்பு போதும், ஆடு மேய்க்கலாம் என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. விடுதியில் இடம் கிடைத்தால் அனுப்புகிறேன் என்று அவளுடைய அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை வரைக்கும் அவள் பேசியதெல்லாம் அந்த விடுதியைப் பற்றித்தான். கட்டில் இருக்குமா, மாடியில் படுப்பார்களா என்று என்னைக் கேட்டாள். அதெல்லாம் எனக்கு என்ன தெரியும், இருக்கும் இருக்கும் என்று அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை நீங்கள் எல்லாரும் அங்கே இருந்தீர்கள். மறந்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள். கிணற்று மேட்டில் பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, வெளுத்த பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். பெரியப்பா கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் யாரிடமும் கோபப்பட்டதில்லை. "நம்ம ஊட்டுல காலனிக்காரங்களக் கூட டா போட்டுக் கூப்புடறதில்லீங்க" என்று டவுன்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"ஏங்கண்ணு, எங்க இவ்வளவு தூரம்?" என்றார்.

வாத்தியார் முன்னால் வந்தார். "நானுதானுங்க வரச்சொன்னேன். நல்லா நீந்துமுங்க. நம்ம விதிதான் ஒண்ணே ஒண்ணுங்களே."

பெரியப்பா சிரித்தார். "அதுக்கென்னங்க வாத்தியாரே. நீந்தத் தெரிஞ்சா சேத்திக்கலாமுங்க. ஆனா நீந்தத் தெரியுமான்னு கெணத்துல எறங்கித்தானுங்க பாக்கோணும். மன்றத்துல இருக்கறவங்க மட்டும்தான் கெணத்துல எறங்கலாமுங்க. இன்னும் சேரலீங்களே, எப்படீங்க எறங்கறது?"

கவனித்தீர்களா? உறுப்பினராக வேண்டும் என்றால் நீந்திக் காட்ட வேண்டும். நீந்திக் காட்ட வேண்டும் என்றால் உறுப்பினராக இருக்க வேண்டும். நம்மில் யாரையாவது அப்படிக் கேட்டார்களா? நாம் மன்றம் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கிணற்றில் குதியாளம் போட்டவர்கள். வாத்தியார் கையிலிருந்த பெயர்ப் பட்டியலை மடித்துக்கொண்டார். சுற்றியிருந்த பெரியவர்கள் பெரியப்பாவின் சாமர்த்தியத்தை ரசித்து மெல்லச் சிரித்தார்கள். எவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டார் பாருங்கள் என்கிற சிரிப்பு.

அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் புரியவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீந்திக் காட்டினால் போதும் என்று மட்டும் அவள் மனதில் பதிந்திருக்க வேண்டும். பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் குதித்துவிட்டாள்.

புறாக்கள் கிளம்பின. அவள் முங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் குமிழி மட்டும் வந்தது. பிறகு தலை தெரிந்தது. சுவரைத் தொட்டாள், திரும்பினாள், எதிர்ச் சுவரைத் தொட்டாள், மறுபடி திரும்பினாள். தண்ணீரில் சத்தமே இல்லை. நாம் நீந்தினால் ஊருக்கே கேட்கும். நமக்கு நம்மை அடக்க முடியவில்லை, எல்லாரும் கை தட்டினோம். ஆமாம், நீங்களும்தான். இன்றைக்குச் செயலாளராக இருப்பவர் விசிலே அடித்தார். அவர் அதை மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

ஈரம் சொட்ட மேலே ஏறி வந்தவளைப் பெரியப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "நல்லா நீந்தறயே கண்ணு" என்றார். ஒரு பொட்டலம் தேங்காய் பர்பியை நாற்காலியின் கைப்பிடியில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். "ஊட்டுக்குப் போய்ட்டுத் துணிய மாத்து சாமி, சளி புடிச்சுக்கும். சொல்லி அனுப்பறோம்" என்றார். அவள் பர்பியை மடியில் கட்டிக்கொண்டு ஓடினாள். தான் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனாளாம்.

மறுநாள் விடியும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொட்டியை நிறைத்து, வாய்க்காலை நிறைத்து, ஒன்றும் விதைக்காத கட்டாந்தரையில் பாய்ந்தது. மழை இல்லாத வருடம் என்று சொன்னேன் அல்லவா? வெங்காயக் காட்டுக்குக் கூட முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரைச் சும்மா புழுதியில் விட்டார்கள். திங்கட்கிழமையும் ஓடியது. நான் அம்மாவிடம் எதற்கு என்று கேட்டேன். "கெணறு தூர் வாரறாங்க கண்ணு. சேறு நொம்ப சேந்துபோச்சு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஊர் முழுக்க அதே பதில்தான்.

தூர் வாரக் கிணற்றுக்குள் இறங்கியது யார் தெரியுமா? அவளுடைய அப்பா. அவரும் காலனி ஆட்கள் சிலரும். நம் ஊர் வழக்கமே அதுதான். தண்ணீர் இருக்கும்போது அவர்கள் இறங்கக் கூடாது. சேறு இருக்கும்போது அவர்கள்தான் இறங்க வேண்டும். மகள் நீந்தியதால் இறைத்த கிணற்றில் அப்பா இறங்கி, கூடை கூடையாகச் சேற்றை அள்ளி மேலே அனுப்பினார். அவருக்குக் காரணம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? கிணற்று மேட்டில் நின்ற பெரியப்பா குனிந்து, "பாத்துப்பா, வழுக்கும்" என்று அக்கறையோடு சொல்லிக்கொண்டிருந்தார். "ஆகட்டுமுங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நாம் எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? சேற்றோடு நாம் தொலைத்த பொருள்களெல்லாம் மேலே வந்தன. பித்தளைச் சொம்பு, ஒற்றைச் செருப்பு, யாருடைய தூக்குப் போசியோ, ஒரு பம்பரம், துருப்பிடித்த கைக்கடிகாரம். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி யாருடையது என்று கேட்டார்கள். நோம்பி, திருவிழா மாதிரி இருந்தது. என் வெள்ளிக் கொலுசில் ஒன்று முந்தின வருடம் விழுந்துபோயிருந்தது. அவளுடைய அப்பா அதைக் கண்டெடுத்து, மேலே ஏறி வந்து, என் கையில் தராமல் சுவர்மேல் வைத்தார். "பாத்து எடுத்துக்கோங்க அம்மணி" என்றார். நான் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அதை வாங்கி மஞ்சள் தண்ணீரில் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். பிறகுதான் என் காலில் போட்டாள். சேறு போகக் கழுவுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். கிணற்றுக்கும் அதே மஞ்சள் தண்ணீரைத்தான் கடைசியில் தெளித்தார்கள்.

வாரக் கடைசியில் பனியன் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டு முன்கூடத்து ஆசாரத்தில் உட்கார்ந்து புது விதி எழுதினார். நான்தான் மைப்புட்டியை எடுத்துக் கொடுத்தேன். "தினமும் பயிற்சி செய்ய வசதியாக உறுப்பினரின் வீட்டுக்குச் சொந்தக் கிணறு இருக்க வேண்டும்." எழுதி முடித்து அப்பாவிடம் படித்துக் காட்டினார். "யாரு மனசும் நோகாதபடி எழுதிப்போட்டேன் பாரு" என்றார். அப்பா தலையாட்டினார்.

அவள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பெயர் கூப்பிடுவார்கள் என்று கடைசி வரைக்கும் நின்றாள். எல்லாரும் பனியனை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். பெரியப்பாவே எழுந்து வேலியருகே போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"கண்ணு, உம்மேல ஒரு கொறையும் இல்ல. மன்றத்துக்குன்னு ஒரு விதி இருக்குது. அத என்னாலயே மீற முடியாது."

மீற முடியாத விதிக்கு வயது ஒரு நாள். மை கூடச் சரியாகக் காய்ந்திருக்காது. வாத்தியார் பனியன்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டிருந்தார். அவள் அழவில்லை. "சரீங்க" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் யாரும் குழுவில் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். கிணறு ஊறவில்லை. ஊற்றுக் கண் திறக்கும், நாலு நாளில் பழையபடி ஆகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. முழங்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் நின்றது. அந்த வருடம் மழையும் பெய்யவில்லை. வெங்காயம் காய்ந்தது, தோப்பின் தெற்கு வரிசையில் தென்னைகளுக்குக் குரும்பை உதிர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர் போட்டதுதான் காரணம் என்று பெரியப்பா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, நம் நீச்சல் மன்றத்தில் விதி இருந்தது, பலகை இருந்தது, பனியன் இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. போட்டி நெருங்கிவிட்டது. பெரியப்பா விடவில்லை. வாத்தியார் நம்மையெல்லாம் சோளம் அடிக்கும் களத்தில் வரிசையாகக் குப்புறப் படுக்க வைத்து, கையையும் காலையும் ஆட்டச் சொன்னாரே, அதையாவது மறக்காமல் இருக்கிறீர்களா? முட்டி தேய்ந்து, வாயில் புழுதி போய், நீல பனியன் செம்மண்ணாகி, நாம் தரையில் நீந்தினோம். ஒருநாள் அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். நின்றாள், பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் அவளை அன்று வெறுத்தேன். இன்று நினைத்தால் அந்தக் கோடையில் நடந்த ஒரே நியாயமான காரியம் அதுதான்.

போட்டிக்கு நம் மன்றத்திலிருந்து யாரும் போகவில்லை. அவள் ஆறாம் வகுப்புக்கு வரவில்லை.

போன தைமாதம் கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நார் மில்லில் இத்தனை வருட வேலை, விரல்கள் காய்த்துப்போயிருந்தன. நான்தான் அடையாளம் கண்டு கூப்பிட்டேன். "நல்லா இருக்கீங்களா அம்மணி?" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரு. எதுக்கு எந்திரிக்கற? எங்கிட்ட என்ன 'ங்க' வேண்டிக் கெடக்குது?"

"பள்ளிக்கூடத்துக்கு வெளிய இருக்கறமுங்களே" என்று சிரித்தாள். அவளுக்கும் அது ஞாபகம் இருந்தது.

டீ குடித்தோம். கிணற்றுப் பேச்சை நானாக எடுக்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே எடுத்தாள்.

"உங்க பெரியப்பாரு என்னைய ஒரு வார்த்த திட்டலீங்க. ஒருத்தருமே திட்டலீங்க. திட்டியிருந்தா நானும் பதிலுக்குத் திட்டிப்போட்டு அழுதுருப்பேனுங்க. பர்பி குடுத்து அனுப்பிச்சுட்டாங்களே, என்னன்னு சொல்லி அழுவறது? எங்க அய்யன் அன்னைக்குச் சேத்தோட ஊட்டுக்கு வந்து, எங்கிட்டப் பேசாம படுத்துக்கிட்டாருங்க. ஏதோ நான்தான் தப்புப் பண்ணிப்போட்ட மாதிரி இருந்துச்சுங்க."

"அப்பறம் நீந்துனதே இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஆத்துக்குப் போனாலும் கரையில உக்காந்துக்குவேனுங்க. பயமெல்லாம் இல்லீங்க. எறங்குனா யாரூட்டுத் தண்ணிய எறச்சுக் கொட்டுவாங்களோன்னு இருக்குமுங்க." சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தாள். நான் வாய்க்கு வந்ததை உளறினேன். மறுபடியும் அந்த இடத்தில் தண்ணீர் வந்தால், முதலில் நீதான் இறங்க வேண்டும், எல்லாரும் பார்க்க வேண்டும் என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, வேறொன்றும் இருக்கவில்லை. "ஒருக்கா நீந்திக் காட்டியாச்சுங்க. இன்னொருக்கா எதுக்குங்க காட்டோணும்?" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இப்போது செயலாளரின் கேள்விக்கு வருகிறேன். சொந்தச் சங்கம் தன் விதியைத் தானே போட்டுக்கொள்ளக் கூடாதா? போட்டுக்கொள்ளலாம். நானும் நாலு பெண்களும் சேர்ந்து வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை செய்கிறோம், அதில் ஆண்களைச் சேர்ப்பதில்லை. அதனால் எந்த ஆணின் படிப்பும் நின்றுபோகவில்லை. விதி இருப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. எந்த விதியைப் பார்த்தாலும் இனி ஒன்றுதான் கேட்பேன். யாரை மனதில் வைத்து இதை எழுதினீர்கள்? நீங்கள் கேட்கும் அந்த இரண்டு கையெழுத்தைக் காலனிப் பிள்ளைக்கு யார் போடுவார்? நம் குழுவில் இத்தனை பேர் இருக்கிறோம், நம்மில் யாருடைய வீட்டுக்குள் அவர்கள் வந்து உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள், "தெரிந்த குடும்பம்" என்று சொல்வதற்கு? பெரியப்பாவுக்காவது தகரப் பலகையும் மைப்புட்டியும் வேண்டியிருந்தது. நீங்கள் கட்டை விரலிலேயே காரியத்தை முடித்துவிட்டீர்கள். அவர் மாதிரியே யார் மனமும் நோகாதபடி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த மோட்டார் சத்தம் காதில் கேட்டது.

சரி. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் செயலாளரே. காலையிலேயே வாருங்கள், டிபன் செய்து வைக்கிறேன். உங்களை நான் திட்டப் போவதில்லை, பயப்படாதீர்கள். நாம் மரியாதை தெரிந்த ஊர்க்காரர்கள். யார் பிள்ளையானாலும் வரலாம், யாரும் யாரையும் அறிமுகப்படுத்த வேண்டாம், நீந்தத் தெரியாவிட்டாலும் சொல்லித் தருவோம் என்று எழுதிக்கொண்டு வந்தால் அப்போதே கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் நன்றாகச் சாப்பிடுங்கள், போகும்போது ஒரு பொட்டலம் தேங்காய் பர்பியும் தருகிறேன், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புகிறேன்.

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லீங்க. என் கிணற்றுக்கென்று ஒரு விதி இருக்கிறது. அதை என்னாலேயே மீற முடியாது.